பெர்மிட் முடிந்த பாம்பு: வடநெம்மேலி இருளர் சொசைட்டி பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

போன டிசம்பர் மழையில் எங்கள் குடியிருப்பின் கார் பார்க்கிங்குக்குள் ஒரு பாம்பு வந்துவிட்டது. ஓஎம்ஆரில் நாவலூருக்குத் தெற்கே இருக்கிறவர்களுக்கு இதெல்லாம் ஒரு செய்தியே இல்லை, ஆனாலும் பத்து நிமிடத்தில் வாட்ஸ்அப் குழு பற்றி எரிந்தது. நல்ல பாம்பு என்றார் பி பிளாக்காரர், கட்டு விரியன் என்று இன்னொருவர் எங்கிருந்தோ ஒரு படத்தை எடுத்துப் போட்டார், தீயணைப்புக்குப் போன் போட்டாச்சா என்று நாலு பேர் கேட்டார்கள், ஒருத்தரும் போடவில்லை. அதற்குள் செக்யூரிட்டி கட்டையோடு நின்றுவிட்டார். பக்கத்து சைட்டில் தோட்ட வேலை பார்க்கிற ஒரு பையன் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்து, "சாரை சார் அது, எலிக்கு வந்துகீது, கட்டைய கீழ போடுங்க" என்று சொல்லி, பின்பக்கக் கேட்டைத் திறந்து வைக்கச் சொன்னான். பாம்பு தன்பாட்டுக்குப் போய்விட்டது.

அவன் இருளர். பேச்சுக் கொடுத்ததில், அவனுடைய மாமா வடநெம்மேலி சொசைட்டியில், அதாவது பாம்பு பிடித்து நஞ்சு எடுத்து விற்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்தில், உறுப்பினர் என்று தெரிந்தது. இந்தக் கட்டுரைக்கு ஆரம்பம் அதுதான்.

பழங்குடி மக்கள் கையில் இருக்கும் காடுதான் பிழைக்கும் என்று இப்போது உலகம் முழுக்கப் பேசுகிறார்கள். நியாயமான பேச்சு. ஆனால் அந்தப் பேச்சு வந்ததும் நம் கண் முன்னால் வருவது அமேசான், இல்லாவிட்டால் ஒடிசாவின் நியமகிரி, கொஞ்சம் பக்கமாக வந்தால் நீலகிரி. சென்னையிலிருந்து ஈசிஆரில் நாற்பது கிலோமீட்டர் போனால், நாற்பத்தைந்து வருடத்துக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கிற ஒரு உதாரணம் முதலைப் பண்ணை வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. நாம் அங்கே டிக்கெட் வாங்கி, முதலைக்கு முன்னால் செல்ஃபி எடுத்துக்கொண்டு, அப்படியே மாமல்லபுரம் போய் மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறோம். நானும் இரண்டு முறை அப்படித்தான் செய்தேன்.

கடைசி வரை படிக்காதவர்களுக்காக என் கட்சியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சொசைட்டி பாம்பைக் காப்பாற்றியது, மனிதரைக் காப்பாற்றியது, ஒரு அறிவு அழியாமல் பார்த்துக்கொண்டது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இத்தனை வருடத்தில் இருளருக்குக் கிடைத்தது பாம்பு பிடிக்கப் பெர்மிட், உரிமை இல்லை. பெர்மிட்டை ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்க வேண்டும், வந்த தாளில் என்ன எண்ணிக்கை போட்டிருக்கிறதோ அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

தோல் காலம்

தமிழ்நாட்டில் மிகவும் நலிவடைந்த பழங்குடிகள் என்று ஆறு சமூகங்களை அரசு வகைப்படுத்தியிருக்கிறது: தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், இருளர். மற்றவர்களைப் பெரும்பாலும் நீலகிரி, கூடலூர்ப் பக்கம் போய்த்தான் பார்க்க வேண்டும். இருளர் மலையிலும் இருக்கிறார்கள், செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் என்று சமவெளியிலும் இருக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் மொத்தம் சுமார் 1.9 லட்சம் பேர். சமவெளி இருளரை வில்லியர் என்றும் சொல்வது உண்டு.

'காடு' என்ற சொல்லை இங்கே கொஞ்சம் கவனமாகப் பிடிக்க வேண்டும். செங்கல்பட்டுப் பக்கம் மலைக்காடு கிடையாது. இடுப்பளவு புதர், முள், பனை, தாழம்புதர், ஏரிக்கரை, வயல் வரப்பு, அங்கங்கே கொஞ்சம் காப்புக்காடு, இவ்வளவுதான் இவர்களுடைய காடு. வேலி போட்டு இதுதான் எங்கள் நிலம் என்று காட்டமுடியாத காடு. அதில் தேன் எடுத்தார்கள், மூலிகை பறித்தார்கள், விவசாயி கூப்பிட்டால் போய் வயலில் எலி பிடித்தார்கள். எலி பிடிப்பதே தனி வித்தை: வளையின் வாய்கள் எல்லாவற்றையும் கண்டுபிடித்து அடைத்துவிட்டு, ஒரு வாயில் மட்டும் மண்சட்டியைக் கவிழ்த்து, உள்ளே வைக்கோலைக் கொளுத்தி, சட்டியின் ஓட்டை வழியாக வாயால் ஊதிப் புகையை இறக்க வேண்டும். எலி மயங்கியதும் தோண்டினால், எலியும் கிடைக்கும், எலி சேர்த்துவைத்த நெல்லும் கிடைக்கும். ஊதுகிறவரின் நுரையீரல் என்ன ஆகும் என்பதை யாரும் கணக்கில் சேர்த்ததில்லை.

பாம்பு இதோடு சேர்ந்து வந்ததுதான். எலி இருக்கிற வளைக்குப் பாம்பு வரும். தோலுக்கு வெளிநாட்டில் நல்ல விலை இருந்த காலத்தில், கைப்பை, செருப்பு, பெல்ட் என்று போன பாம்புத் தோலில் கணிசமான பங்கு இவர்கள் பிடித்துக் கொடுத்தது. காசு பெரும்பாலும் நடுவில் இருந்த வியாபாரிக்குத்தான். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1976-ல் தோல் ஏற்றுமதியும் நின்றது. பாம்பின் பக்கத்திலிருந்து பார்த்தால் மிக நல்ல சட்டம். இருளரின் பக்கத்திலிருந்து பார்த்தால், நேற்று வரை செய்த வேலை இன்று குற்றம். வேறு வேலை தேடிப் போனவர்களில் பலர் போய்ச் சேர்ந்த இடம் அரிசி ஆலையும் செங்கல் சூளையும் மரம் வெட்டும் கூப்பும்; அங்கே முன்பணத்துக்குக் கொத்தடிமையாகி, பல வருடம் கழித்து மீட்கப்பட்ட குடும்பங்களின் கதை செய்தித்தாள் படிக்கிற எல்லாருக்கும் தெரியும்.

இந்த இடத்தில் ராமுலஸ் விட்டேக்கர் வருகிறார். அமெரிக்காவில் பிறந்து இங்கேயே வளர்ந்தவர், கிண்டி பாம்புப் பண்ணையையும் வடநெம்மேலி முதலைப் பண்ணையையும் தொடங்கியவர். பாம்பைத் தேடுவது எப்படி என்று அவர் கற்றுக்கொண்டதே இருளரோடு வயல் வயலாக நடந்துதான் என்பதால், அந்த அறிவுக்கு என்ன மதிப்பு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. நஞ்சு எடுத்து விற்பது எண்பதுகளின் தொடக்கத்தில் ஆரம்பித்தது. உறுப்பினர்கள் எல்லாரும் இருளர், ஆணும் பெண்ணும். இப்போது சுமார் 350 பேர்.

இந்த யோசனையில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்றுதான். தோலுக்குப் பாம்பு சாக வேண்டும். நஞ்சுக்கு அது உயிரோடு இருக்க வேண்டும், அடுத்த வாரமும் இருக்க வேண்டும், அடுத்த வருடமும் அந்த வயலில் பாம்பு இருக்க வேண்டும். பிடிக்கிற கை அதே கை, கடப்பாரையும் அதே கடப்பாரை. ஆனால் பாம்பு செத்தால் இப்போது நஷ்டம் பிடித்தவருக்கு.

பானைக்குள் என்ன நடக்கிறது

வெளியிலிருந்து பார்த்தால் தாழ்வான கூரை, நடுவில் கைப்பிடிச் சுவர் வைத்த ஒரு பள்ளம், மணல் தரை, ஓரமாக வரிசை வரிசையாக மண்பானைகள். ஒவ்வொரு பானையின் வாயிலும் துணி போட்டு இறுக்கிக் கட்டியிருக்கும். உள்ளே கொஞ்சம் மணல், பாம்பு. மண்பானை ஏன் என்றால், குளிர்ச்சி, இருட்டு, காற்றோட்டம், அப்புறம் விலையும் குறைவு. ஏசி அறை வைத்து இதைச் செய்திருந்தால் எப்போதோ மூடியிருப்பார்கள்.

நான்கு வகைப் பாம்புகளை மட்டும்தான் பிடிக்கலாம்: நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்தியாவில் பாம்புக்கடிச் சாவுகளில் பெரும்பங்கு இந்த நான்கின் கணக்கில்தான் வருகிறது, விஷமுறிவு மருந்தும் இந்த நான்குக்கும் சேர்த்துத்தான் தயாராகிறது. உறுப்பினர் பாம்பைக் கொண்டுவந்து கொடுத்தால் நீளம், எடை, ஆணா பெண்ணா என்று பதிவு செய்துகொண்டு, வகைக்கு ஏற்றபடி பணம் கொடுக்கிறார்கள். மூன்று நான்கு வாரம் வைத்திருந்து, வாரம் ஒரு முறை நஞ்சு எடுக்கிறார்கள். பிறகு வயிற்றுச் செதில் ஒன்றில் சின்னதாக வெட்டு அடையாளம் வைத்துக் காட்டில் விடுகிறார்கள். அடையாளம் எதற்கு? அதே பாம்பு சீக்கிரத்தில் மறுபடி கையில் சிக்கினால் தெரிந்துகொண்டு விட்டுவிடத்தான். சட்டை உரிக்க உரிக்க அந்த வெட்டு ஆறி மறையும், அதற்குள் பாம்பும் தேறியிருக்கும்.

நஞ்சு எடுப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் ஆட்டபாட்டம் எதுவும் இல்லை. மெல்லிய ஜவ்வு கட்டிய கண்ணாடிக் குடுவை. பாம்பின் தலையைப் பிடித்து விளிம்பில் கொண்டுபோனால் கடிக்கும், பல் ஜவ்வைத் துளைக்கும், உள்பக்கம் வெளிர்மஞ்சளாக இரண்டு மூன்று சொட்டு இறங்கும். கண்ணாடி விரியன் என்றால் உலர்ந்த எடையில் நூறு மில்லிகிராமுக்கு மேல் கிடைக்கலாம். சுருட்டை விரியன் சுண்டுவிரல் தடிமன்தான், அதில் கிடைப்பது மிகக் கொஞ்சம், ஒரு கிராம் சேர்ப்பதற்குள் நிறையப் பாம்பு கைமாற வேண்டும். எடுத்த நஞ்சை உறையவைத்து உலர்த்திப் பொடியாக்கி, மருந்து கம்பெனிகளுக்கு விற்கிறார்கள். அங்கே அதைக் குதிரைக்குச் சிறிது சிறிதாக ஏற்றி, குதிரையின் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தால் அதுதான் ஏஎஸ்வி என்கிற விஷமுறிவு மருந்து.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம், இது எனக்குப் பிடித்த கணக்கு. நம் நாட்டு மருந்தில் ஒரு மில்லிலிட்டர் 0.6 மில்லிகிராம் கண்ணாடி விரியன் நஞ்சை முறிக்கும். ஒரு வயல் என்பது பத்து மில்லிலிட்டர் (மருந்துக் குப்பியைத்தான் ஆஸ்பத்திரியில் வயல் என்கிறார்கள், நெல் வயலோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்). ஆக ஒரு குப்பி ஆறு மில்லிகிராம். கண்ணாடி விரியன் சராசரியாக ஒரு கடியில் இறக்குவது 63 மில்லிகிராம் என்று அளந்திருக்கிறார்கள். வகுத்துப் பாருங்கள், பத்து சொச்சம் வரும். நச்சுக்கடி என்று உறுதியானதும் டாக்டர்கள் எட்டு முதல் பத்துக் குப்பியில் ஆரம்பிப்பதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான். அந்தப் பத்துக் குப்பிக்கும் ஆரம்பம் யாரோ ஒரு இருளர் தம்பதி ஏதோ ஒரு வரப்பில் குந்தி உட்கார்ந்து பார்த்த ஒரு தடம்.

இது சின்ன விஷயம் இல்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-ல் வந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது, அதாவது வருடத்துக்குச் சராசரி 58,000. பெரும்பாலும் கிராமத்தில், வயலில், செருப்பில்லாத காலில். உலக சுகாதார நிறுவனம் 2017-ல்தான் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்கள் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாட்டில் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது 2024-ல். நாட்டின் விஷமுறிவு மருந்துக்கான நஞ்சில் மிகப் பெரிய பங்கைப் பல வருடங்களாகக் கொடுத்துவந்தது இந்த மண்பானைகள்தான்.

புளோரிடா வரைக்கும்

இந்தக் கதையில் சினிமாத்தனமான ஒரு பகுதி உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பில் பர்மிய மலைப்பாம்பு புகுந்து, முயல், ரக்கூன் என்று ஒன்றையும் விடாமல் தின்று தீர்த்துக்கொண்டிருந்தது. 2016-ல் அங்கே ஒரு வேட்டைப் போட்டி நடந்தது. ஆயிரம் பேருக்கு மேல் பதிவு செய்தார்கள், ஒரு மாதத்தில் கிடைத்தவை 106 பாம்புகள். 2017 ஜனவரியில் வடிவேல் கோபால், மாசி சடையன் என்று செங்கல்பட்டு மாவட்டத்து இருளர் இருவரைக் கூப்பிட்டார்கள். முதல் ஒன்றரை வாரத்துக்குள் 13 பாம்புகள். அதில் கீ லார்கோ தீவில், கைவிடப்பட்ட ஏவுகணைத் தளத்தில் கிடந்த 16 அடிப் பெண் பாம்பும் ஒன்று. அங்கத்தி வேட்டைக்காரர்கள் வண்டியில் ரோட்டோரமாகப் போய்த் தேடிக்கொண்டிருந்தபோது, இவர்கள் கோரைப் புல்லுக்குள் இறங்கி நடந்து, எச்சம், தடம், சட்டை உரித்த இடம் என்று பார்த்துக்கொண்டு போனார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ.

பத்மஸ்ரீ அறிவித்த அன்று எங்கள் வாட்ஸ்அப் குழுவிலும் பெருமைப் பதிவுகள் வந்தன. போன டிசம்பரில் சாரையைப் பார்த்துப் பற்றி எரிந்த அதே குழுதான்.

உரிமை எங்கே

சரி, இப்போது கசப்பான பகுதி.

2006-ல் வந்த வன உரிமைச் சட்டம் பழங்குடிகளுக்கு இழைத்த வரலாற்று அநீதியைச் சரிசெய்யவே வந்ததாக அதன் முன்னுரை சொல்கிறது. 3-ஆம் பிரிவில் உரிமைகளை வரிசையாக அடுக்குகிறார்கள்: குடியிருப்பு, பயிர், சிறு வனப்பொருள், மீன், மேய்ச்சல், பல்லுயிர் பற்றிய மரபறிவு, சமூகக் காட்டைப் பாதுகாத்து நிர்வகிக்கும் உரிமை. படிக்கப் படிக்க மகிழ்ச்சியாக இருக்கும். கடைசியில் வழக்கமாக அனுபவித்துவந்த மற்ற மரபு உரிமைகளும் உண்டு என்று கதவைத் திறந்துவிட்டு, அதே வாக்கியத்தில், வேட்டையாடுவது, பொறி வைத்துப் பிடிப்பது, காட்டு விலங்கின் உடலிலிருந்து ஒரு பாகத்தை எடுப்பது ஆகியவை நீங்கலாக என்று சாத்திவிடுகிறார்கள். மரபறிவுக்கு உரிமை உண்டு, ஆனால் இருளரின் மரபறிவு எதில் இருக்கிறதோ அது மட்டும் பட்டியலில் இல்லை.

ஏன் அப்படி எழுதினார்கள் என்று எனக்குப் புரிகிறது. அந்த வரி இல்லாவிட்டால் புலி நகம் எடுப்பவனும் மரபு என்று சொல்லிக்கொண்டு வருவான். ஆனால் அதன் விளைவு இருளருக்கு இது: நஞ்சுக்குப் பாம்பு பிடிக்க அவர்களுக்கு இருக்கும் ஒரே வழி வனவிலங்குச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு. உயிர்காக்கும் மருந்துக்காகப் பாம்பு நஞ்சு சேகரிக்க அனுமதி தரலாம் என்று அதில் இருக்கிறது. தரலாம். எந்த வகை எத்தனை என்று அனுமதித் தாளில் எண் போட்டு வரும். அனுமதி வனத்துறையுடையது, கூட்டுறவு என்பதால் மேற்பார்வை தொழில் வணிகத் துறையுடையது, வாங்குபவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய சில கம்பெனிகள். பழங்குடியினர் தலைமையிலான பாதுகாப்பு என்று இதை யாராவது பவர்பாயின்ட்டில் போட்டால் எனக்குச் சிரிப்புதான் வரும். அறிவு அவர்களுடையது, உழைப்பு அவர்களுடையது, கடி வாங்குவதும் அவர்கள்தான், எண்ணிக்கை மட்டும் வேறு யாருடையதோ.

நிலம் இன்னும் மோசம். வன உரிமைச் சட்டம் வன நிலத்துக்குத்தான் பொருந்தும். செங்கல்பட்டு இருளர் பலர் குடிசை போட்டிருப்பது ஏரிக்கரைப் புறம்போக்கிலும் வாய்க்கால் ஓரத்திலும், அது வருவாய்த் துறைக் கணக்கில் இருக்கும் நிலம். காட்டில் இருந்திருந்தால் சட்டம் கூப்பிட்டிருக்கும், காடே இல்லாத இடத்தில் காட்டு வாழ்க்கை வாழ்ந்தவர்களைச் சட்டத்துக்கு அடையாளம் தெரியவில்லை. காட்டுக்குள் இருந்தவர்களுக்கும் ஒன்றும் சுலபமாகக் கிடைத்துவிடவில்லை. தமிழ்நாட்டில் வழக்கில் சிக்கிப் பட்டா கொடுப்பது தேங்கிக் கிடந்து, 2016-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் வழி திறந்தது. எல்லைக்கு அந்தப்பக்கம் கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் சோலிகர் பழங்குடிகளுக்கு 2011-லேயே, புலிகள் காப்பகத்துக்குள்ளேயே, சமூக வன உரிமை கிடைத்துவிட்டது. அவர்களிடம் காட்ட ஒரு மலை இருந்தது. இவர்களிடம் இருப்பது வரப்பு, அதுவும் இன்னொருவருடைய வரப்பு.

வருடத்தில் ஒரு முறை மட்டும் நிலம் இவர்களுடையதாகத் தெரியும். மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் போய்ப் பாருங்கள். கடலிலிருந்து கன்னியம்மா வருகிறாள் என்று எங்கெங்கிருந்தோ இருளர் குடும்பங்கள் வந்து, மணலிலேயே புடவையால் தடுப்புக் கட்டித் தங்கி, விடிகாலையில் கல்யாணமும் நிச்சயதார்த்தமும் அங்கேயே முடித்துவிட்டுப் போகிறார்கள். மறுநாள் கடற்கரை பழையபடி சுற்றுலாப் பயணிகளுக்கு.

சொசைட்டிக்கு வெளியே, அதே மாவட்டத்தில், தண்டரையில் 1986-ல் தொடங்கிய இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் ஒன்று இருக்கிறது. மூலிகைத் தோட்டம், மரக்கன்று நாற்றங்கால், மருந்துத் தயாரிப்பு என்று போகும் அமைப்பு. சொசைட்டி அளவுக்குப் பேர் கிடைக்கவில்லை, ஏனென்றால் தூதுவளையோடு யாரும் செல்ஃபி எடுப்பதில்லை. ஆனால் என்னைக் கேட்டால் பாதுகாப்பு என்ற சொல்லுக்கு அது இன்னும் பக்கத்தில் இருக்கிறது: நிலம் கையில் இருக்கிறது, என்ன நடுவது என்று அவர்களே முடிவு செய்கிறார்கள், செடி எண்ணிக்கைக்குத் தாள் வர வேண்டியதில்லை. ஊர்க்காரர்கள் தாங்களே ஒன்றைக் காப்பது செங்கல்பட்டுக்குப் புதிதும் இல்லை. வேடந்தாங்கல் ஏரிப் பறவைகளைச் சுடக்கூடாது என்று கிராமத்தார் கேட்டு வாங்கிய கவுல் (அரசு எழுதிக் கொடுத்த உறுதிச் சீட்டு) 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸ் காலத்தியது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான் காரணம்.

இன்னொரு சிக்கலும் வந்து நிற்கிறது. ஒரே வகைப் பாம்புக்கும் ஊருக்கு ஊர் நஞ்சு மாறும். தமிழ்நாட்டுப் பாம்பின் நஞ்சை வைத்துச் செய்த மருந்து ராஜஸ்தானிலும் வடகிழக்கிலும் கடித்த பாம்புக்குப் போதுமான அளவு வேலை செய்வதில்லை என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தினர் உட்படப் பலர் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். மருத்துவக் காரணத்தில் அவர்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. அந்தந்த வட்டாரத்தில் நஞ்சு எடுக்கும் மையம் வர வேண்டும். அப்படி வரும்போது வடநெம்மேலி மொத்த வியாபாரியாக இருக்க முடியாது. புது மையங்களில் பிடிப்பவர் யார், பங்குதாரராக வருவாரா தினக்கூலியாக வருவாரா என்பதை இப்போதே பேச வேண்டும், பேசுகிறவர்கள் குறைவு. பாம்பைக் கையில் எடுக்காமல் ஆய்வகத்திலேயே மருந்து செய்யும் முயற்சிகளும் நடக்கின்றன. அது கைகூடினால் பாம்புக்கு நல்லது, நோயாளிக்கு நல்லது, இந்த 350 பேருக்கு 1976 மறுபடி வரும்.

ஏரிக்கரையில் ஒரு காலை

அந்தப் பையனின் மாமாவோடு பிப்ரவரியில் ஒரு நாள், திருப்போரூர்ப் பக்கம் ஒரு ஏரிக்கரையில் நடந்தேன். அறுவடை முடிந்திருந்தது. அவருக்கு அறுபது இருக்கும், கையில் முழ நீளக் கடப்பாரை, பின்னால் அவர் மனைவி ஒரு பையோடு. அவர் பாம்பைப் பார்க்கவில்லை, வரப்பைத்தான் பார்த்துக்கொண்டு நடந்தார். ஒரு வளையைப் பார்த்து நான் நின்றேன்.

"அது நண்டு சார். மண்ணு பாருங்க, உருண்டை உருண்டையா கீது. எலி இப்படிப் போடாது."

அடுத்ததில் வாயில் சிலந்தி வலை. அதற்கு அவர் குனியவே இல்லை. ஒட்டடை கட்டிய வீட்டுக்குள் யார் இருப்பார்கள்? மூன்றாவதில் எலி போட்ட புது மண், அதன் மேல் சாம்பல் பூசின மாதிரி ஒரு வழவழப்பு. அங்கே உட்கார்ந்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் விரலால் காட்டிய பிறகு, காய்ந்த எச்சம் ஒன்று, ஒரு முனையில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. "இது போய் மூணு நாள் ஆவுது," என்றார். போனது எச்சம். பாம்பு போகவில்லை. தாழம்புதர் வேரை ஒட்டி வளை உள்ளே வளைகிற இடத்தில் கடப்பாரை முனையால் கொஞ்சமாக மண்ணை விலக்கி என்னைக் குனியச் சொன்னார். முதலில் இருட்டு மட்டும்தான். அப்புறம் இருட்டுக்குள் ஒரு சங்கிலி மாதிரிப் பழுப்பு வட்டங்கள், மெதுவாக மூச்சு வாங்கின. கண்ணாடி விரியன், நல்ல தடிமன்.

பானை கொண்டுவரவில்லையே ஐயா என்று கேட்டேன்.

"கண்ணாடிக்கு நம்பரு முடிஞ்சிடுச்சி சார். இனிமே அடுத்த பெர்மிட்டுதான்."

அவர் மனைவி, "நல்ல பெருசு, நூத்துக்கு ஒண்ணு," என்று சொல்லிவிட்டு வேலியில் தூதுவளை பறிக்கப் போய்விட்டார். பெரியவர் விலக்கின மண்ணைத் திரும்பத் தள்ளி, உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி, வெளிச்சம் உள்ளே போகாதபடி மூடினார். கரைக்கு அந்தப்பக்கம் வயல் முடிந்து மனைக்கல் தொடங்கியிருந்தது, கல் தலையில் சிவப்பு பெயின்ட் இன்னும் காயாத மாதிரி இருந்தது. அதைப் பற்றி நான் கேட்டேன், அவர் பதில் சொல்லவில்லை. பேத்தி பிளஸ் டூ படிக்கிறாள், சாதிச் சான்றிதழுக்கு எழுதிப்போட்டு எட்டு மாதம் ஆகிறது, போனில் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். பார்த்தேன். பரிசீலனையில் என்று இருந்தது. சொன்னேன். தலையை ஆட்டினார்.

இன்னும் இரண்டு வளை பார்த்தோம். ஒன்று காலி. இன்னொன்றில் எலி இருந்தது, நெல்லும் இருக்கும் என்றார். எலிக்குப் பெர்மிட் தேவையில்லை. மனைவியைக் கூப்பிட்டுப் பையை விரிக்கச் சொல்லிவிட்டுக் கடப்பாரையை இறக்கினார்.